அம்மம்மாவுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது, எதைச் சொல்லாமல் விடுவது?

படுவான்கரைப் பெடியன்:

கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அம்மம்மாவுக்கு 78 வயது. கொக்கட்டிச்சோலைப் பக்கம் வீடு. தேவாரப் புத்தகம் பெரிய எழுத்தில் இருந்தால் வாசிப்பா, ஆனால் வாக்குச்சீட்டில் அவவின் கண் போவது சின்னத்துக்குத்தான். ஒரு காலத்தில் உதயசூரியன் (தமிழர் விடுதலைக் கூட்டணி). 2004இலிருந்து வீடு (தமிழரசுக் கட்சி). 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் முதல் தடவையாகச் சங்கு. அதில் கேட்ட அரியநேத்திரன் நம்மட பக்கத்து ஆள் என்பதுதான் காரணம். தமிழ்ப் பொது வேட்பாளர் என்றால் என்ன, தமிழரசுக் கட்சி ஏன் சஜித் பிரேமதாசவுக்குப் போடச் சொன்னது என்பதெல்லாம் அவவுக்குத் தெரியாது. (செத்த வீட்டில் ஊதுவதும் சங்குதானே என்று மாமா பகிடி விட்டதற்கு நல்ல ஏச்சு வாங்கினார்.)

இரண்டு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 14 பொதுத் தேர்தல். யாரையும் கேட்காமல் காலையிலேயே போய்ப் புள்ளடி (× அடையாளம்) போட்டுவிட்டு வந்தா. "நம்மட ஆளுக்குத்தான் மனே, போன முறை மாதிரிச் சங்குக்கு." அந்தத் தேர்தலில் சங்கு ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியின் சின்னம். அரியநேத்திரனின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. செப்டெம்பரில் அவர் சுயேச்சையாகக் கேட்ட சின்னம், நவம்பரில் வேறு ஆட்களிடம் இருந்தது. சட்டப்படி அதில் பிழை இல்லை. அம்மம்மாவுக்கு யாரும் பொய் சொல்லவும் இல்லை. இது வேறு சங்கு என்று சொல்லத்தான் யாரும் வரவில்லை, நான் உட்பட.

நான் விளக்கியபோது பாக்குவெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "அப்ப எண்ட புள்ளடி எங்க போன?" என்றா.

அடுத்தது 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தல். மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். எந்தச் சின்னத்துக்காரர் என்று எழுத மாட்டேன், எழுதினால் இந்தத் திரி வேறு பக்கம் போய்விடும். திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடித்தார், அம்மம்மாவின் முழங்கால் நோவை விசாரித்தார், போகும்போது இரண்டே வசனம் சொன்னார்: எங்களுக்குப் போடாவிட்டால் அஸ்வெசும (அரசின் உதவிப்பணம்) நின்றுபோகும், பெட்டியைத் திறந்தால் எந்த வீட்டு வோட்டு எது என்று தெரிந்துவிடும். இரண்டும் பொய் என்று நான் சொன்னேன். அவர் முழங்காலைக் கேட்டவர், நான் கேட்காதவன். அவரைத்தான் நம்பினா.

இப்போது மாகாண சபைத் தேர்தல் வரும் என்ற பேச்சு அடிபடத் தொடங்கியதும், "நீயே சொல்லு மனே, நீ சொல்ற சின்னத்துக்குப் போடுறன்" என்கிறா. சொல்லிவிடலாம். எனக்கும் ஒரு கட்சி பிடிக்கும். ஆனால் அப்படிச் சொன்னால் எனக்கும் அந்த மோட்டார் சைக்கிள்காரருக்கும் என்ன வித்தியாசம்? சின்னத்தைச் சொல்லாமல் விளக்கம் மட்டும் கொடுக்க முடியுமா? உங்கள் வீடுகளில் என்ன செய்கிறீர்கள்?

களுவாஞ்சிகுடி வாத்தியார்:

தம்பி, நான் ஓய்வு பெறும்வரை தேர்தல் கடமைக்குப் போனவன், எண்ணும் இடத்திலும் இருந்திருக்கிறேன். கட்சியைப் பிறகு பாருங்கள், முதலில் சீட்டைப் பழக்குங்கள்.

2024 ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுக்க நிராகரிக்கப்பட்டவை மூன்று லட்சம் சொச்சம். இரண்டு மாதம் கழித்துப் பொதுத் தேர்தலில் ஆறரை லட்சத்துக்கும் மேல். அதே சனம்தான், அதற்குள் அறிவு குறைந்துவிடவில்லை, சீட்டுத்தான் மாறியது. பொதுத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி போட்டு, பிறகு அந்தக் கட்சிக்குள் மூன்று பேர்வரை விருப்பு வாக்குப் போடலாம். மட்டக்களப்பில் ஐந்து ஆசனம், பட்டியலுக்கு எட்டுப் பேர், சீட்டோ பாய் மாதிரி நீளம். எண்ணும்போது என் கையில் வந்தவற்றில், கட்சியை விட்டுவிட்டு இலக்கத்தில் மட்டும் கீறியவை உண்டு. இரண்டு கட்சிக்குப் புள்ளடி போட்டவை உண்டு. ஒன்றில் "எல்லோரும் நல்லா இருங்க" என்று எழுதியிருந்தது, அழகான கையெழுத்து. அதையும் நிராகரித்துத்தான் வைத்தோம்.

வீட்டு வோட்டு தெரியும் என்பது சுத்தப் பொய். ஒரு நிலையத்தின் மொத்தக் கணக்கு வெளியே வரலாம், ஆள் தெரிய வழியில்லை. அப்படி வெருட்டுவது தேர்தல் சட்டத்தில் குற்றம். இதைச் சொல்வதற்கு நீங்கள் எந்தக் கட்சியிலும் இருக்கத் தேவையில்லை.

நேர்பட_பேசு:

சின்னம் மாறினதே தெரியாத ஆக்களுக்கு வோட்டு எதுக்கு? ஓ.எல். சோதனை பாஸ் பண்ணினவன் போட்டாப் போதும். நாடு உருப்படும்.

களுவாஞ்சிகுடி வாத்தியார்:

இது பழைய பாட்டு தம்பி. 1931க்கு முன்னர் இலங்கையில் நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான் வாக்கு. டொனமூர் ஆணைக்குழு எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னபோது படித்த பெரியவர்கள் உங்களைப் போலத்தான் பேசினார்கள். சேர் பொன். இராமநாதனே எதிர்த்தார். அவர்கள் சொன்னது நடந்திருந்தால் உங்கள் பாட்டனாருக்கும் வாக்கு இருந்திருக்காது, என் பாட்டனாருக்கும் இருந்திருக்காது.

சம்மாந்துறை நானா:

நேர்பட பேசும் தம்பிக்கு ஒரு கதை. 2018இல் நான் அம்பாறை டவுனில் ஒரு அலுவலகத்தில் வேலை. பெப்ரவரி 10ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் முடிந்து இரண்டு கிழமை. டவுனில் நம்மவர், முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், கறியில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, இது சிங்களவருக்குப் பிள்ளை பிறக்காமல் செய்யும் மலட்டு மாத்திரைதானே என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார்கள். காசாளருக்குச் சிங்களம் சரியாக வராது. பயத்தில் "ஓம்" என்கிற மாதிரித் தலையை ஆட்டிவிட்டார். அதை போனில் எடுத்து பேஸ்புக்கில் போட்டார்கள். அன்று இரவே பள்ளிவாசலை அடித்தார்கள், கடைகளை அடித்தார்கள். பிறகு அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்துச் சொன்னார், அது மாவுக்கட்டி என்று. 2018 கலவரங்களில் தங்கள் தளத்துக்கு இருந்த பங்குக்கு பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020இல்.

எனக்கு அந்த வீடியோவைக் காட்டி, "இது உண்மையா?" என்று கேட்டவர் பக்கத்து மேசைக்காரர், பட்டதாரி. பதினொரு வருடம் ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறோம். மாவுக்கட்டி என்ற செய்தி வந்த அன்று அதை நான் அவருக்கு அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. அடுத்த வருடம் மே மாதம் ஒரு பத்திரிகை குருநாகல் முஸ்லிம் வைத்தியர் ஒருவர்மீது மலட்டுக் கதையை முன்பக்கத்தில் போட்டபோது, எனக்கு முதலில் நினைவு வந்தது அந்த மேசைதான். நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல். ஓ.எல். இல்லை, ஏ.எல். பாஸ் பண்ணினாலும் இதற்கு மருந்து கிடையாது வாப்பா.

பாண்டிருப்பு அக்கா:

எங்கள் பக்கக் கதை வேறு. 2020 பொதுத் தேர்தலில் திகாமடுல்லையில் (அம்பாறைத் தேர்தல் மாவட்டம்) முன்னாள் புலித் தளபதி கருணாவின் பட்டியலுக்கு 29 ஆயிரம் சொச்சம், தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 25 ஆயிரம் சொச்சம். இரண்டு பக்கமும் ஆசனம் இல்லை. வாக்கால் தெரிவான எம்.பி. ஒருவர்கூட அம்பாறைத் தமிழருக்கு இல்லாமல் போனது. எங்கள் தெருவில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். சின்னம், ஆள், கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் பிரச்சினை என்று மூச்சு விடாமல் பேசுவார்கள். பிரிந்து போட்டால் என்ன ஆகும் என்ற கணக்கையும் வாக்களிப்புக்கு முன்பே போட்டுக் காட்டினார்கள். ஆனால் ஒவ்வொருவரும் மற்றவன்தான் பிரிக்கிறான் என்றார்கள். என் வீட்டுக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எங்களை யாரும் ஏமாற்றவில்லை தம்பி, ரோசம்தான். அந்தக் கோபம் எங்கிருந்து ஊதப்பட்டது என்று இப்போது யோசிக்கிறேன். இரண்டு பக்கத்து வட்ஸ்அப் குழுவிலும் இருந்தேன், இரண்டிலும் ஒரே மாதிரி ஏச்சுத்தான் வந்துகொண்டிருந்தது.

அம்மம்மாவிடம் சின்னத்தைச் சொல்லாதே. ஆட்களின் பெயரையும் அவர்கள் முன்பு எந்தக் கட்சியில் இருந்தார்கள் என்பதையும் சொல்லு. அவ முடிவெடுக்கட்டும். முழங்காலையும் கேள்.

படுவான்கரைப் பெடியன்:

எல்லோருக்கும் நன்றி. முழங்காலுக்குச் சித்தாலேபை வாங்கிக் கொடுத்துவிட்டேன், இது இலஞ்சத்தில் சேருமா என்று வாத்தியார்தான் சொல்ல வேண்டும்.

வாத்தியார் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை ஒரு மாதிரிச் சீட்டுச் செய்தேன். கட்சிச் சின்னம் ஒன்றும் இல்லை. கத்தரிக்காய், முருங்கைக்காய், பூசணி, வாழைப்பூ என்று வரைந்து பக்கத்தில் பெட்டி கீறிக் கொடுத்தேன். கத்தரிக்காயின் பட்டியலில் நேற்றுவரை பூசணியோடு இருந்தவர் ஒருவர் நிற்கிறார் என்றும் கதை சொன்னேன். நன்றாகச் சிரித்தா. பேனையை வாங்கி அந்தப் பக்கம் திரும்பி இருந்து போட்டா. மடித்து வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "உனக்குக் காட்ட ஏலாது, ஆருக்கும் தெரியாதெண்டுதானே சொன்ன நீ" என்றா.

அவ குளிக்கப் போன நேரம் நான் திறந்து பார்த்தேன். செய்யக் கூடாதுதான். கத்தரிக்காய்க்கும் புள்ளடி, முருங்கைக்காய்க்கும் புள்ளடி.

வரும் சனிக்கிழமை திரும்பவும் போகிறேன். பார்த்தேன் என்று ஒத்துக்கொள்ளாமல் அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.