பாவநிவிர்த்தியும் இரட்சிப்பும் ஒண்டோ?

கேள்வி: ஞாயிறு பாடசாலைக் குறிப்புக்கு. ரெண்டும் ஒண்டுதானோ? கத்தோலிக்கர் சொல்லுற 'மீட்பு' எது?

பதில் 1: ஒண்டில்லைத் தம்பி. நிவிர்த்தி, அதாவது பலியால பாவத்தை நீக்கிறது, வழி; இரட்சிப்பு அதின்ர பலன். லேவியராகமம் 16ஐப் பாருங்கோ: வருசத்தில ஒருக்கா வாற பாவநிவிர்த்தி நாளில ரெண்டு வெள்ளாட்டுக்கடா, சீட்டுப் போடுறது. ஒண்டு பலி, அதின்ர இரத்தம் கிருபாசனத்தில (உடன்படிக்கைப் பெட்டியின்ர மூடியில) தெளிக்கப்படும். மற்றதின்ர தலையில பிரதான ஆசாரியன் ஆரோன் ரெண்டு கையையும் வைச்சு, பாவங்களை அறிக்கையிட்டு, வனாந்தரத்துக்கு அனுப்பவேணும். கனபேர் முதல் கடாவோட பாடத்தை முடிக்கினம். பிள்ளையளுக்குக் கடவுள் இரத்தம் கேக்கிறவர் மாதிரித்தான் படும்.

பதில் 2: எபிரெயர் 10:4ஐயும் சேருங்கோ அண்ணை. மிருக இரத்தம் பாவத்தை நீக்காது, அதாலதான் வருசாவருசம் பலி. கிறிஸ்து ஒரே தரம் பலியானார்.

பதில் 3: கத்தோலிக்க வேதாகமத்தில 'மீட்பு' எண்டால் இரட்சிப்புத்தான். புரட்டஸ்தாந்தர் வாசிக்கிற பழைய திருப்புதலில (பழைய மொழிபெயர்ப்பில), எபேசியர் 1:7இல, அது விலை குடுத்து விடுவிக்கிறது. ஈடுவைச்ச நகையை மீட்கிறமே, அந்த மீட்பு.