போதையும் ஜாம்பியும் சேரும் குறைந்த செலவுப் படம்: சிரிப்பு ஏன் பாதியில் நின்றுவிடுகிறது?

கேள்வி: மாலைக்காட்சி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஐந்து நண்பர்கள் சேர்ந்து 40 நிமிட ஜாம்பி நகைச்சுவைப் படம் ஒன்றை எடுப்பதற்காகத் திரைக்கதை எழுதி முடித்திருக்கிறோம். கையில் 2 லட்சம் ரூபாய் இருக்கிறது. அதற்கு மேல் புரட்ட வழியில்லை. விடுமுறையில் காலியாகிவிட்ட கல்லூரி விடுதி ஒன்றில் ஊருக்குப் போகாமல் தங்கிவிட்ட இரண்டு மாணவர்கள் மொட்டை மாடியில் கஞ்சா புகைத்துக்கொண்டிருக்கிறார்கள். கீழே ஒவ்வொருவராக ஜாம்பியாகி வருவதைக் கண்ணால் பார்த்தும், அது தங்கள் போதையின் வேலை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். நடப்பது என்னவென்று புரிந்துகொண்ட ஒரே ஆளான இரவுக் காவலாளி அவர்களைத் தெளியவைத்துக் காப்பாற்றப் பார்க்கிறார். கதை இவ்வளவுதான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை 20 பேரைக் கூட்டிவைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினோம். முதல் 11 பக்கங்களுக்கு அறையே அதிர்ந்தது. 12ஆம் பக்கத்திலிருந்து ஒருவரும் சிரிக்கவில்லை, பயந்ததாகவும் தெரியவில்லை. பிற்பகுதி வசனங்களைத்தான் நாங்கள் அதிக நாள் உட்கார்ந்து செதுக்கினோம் என்பதால், எங்கே தவறினோம் என்று எங்களுக்கு விளங்கவே இல்லை. 2013இல் வந்த 'கோ கோவா கான்' என்ற இந்தி ஜாம்பி நகைச்சுவைப் படத்தை மூன்று முறை போட்டுப் பார்த்தும் பிடிபடவில்லை.

நடிகர்கள் 12 பேருக்கு மேல் கிடைக்க மாட்டார்கள். அவர்களை வைத்துக் கூட்டத்தை எப்படிக் காட்டுவது என்பதையும், படம் கஞ்சாவைக் கொண்டாடுவதாகத் தோன்றாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்தே கேட்கிறேன்.

மறுமொழி 1: பழைய பிலிம்சுருள்

நண்பருக்கு வணக்கம். போதையையும் ஜாம்பியையும் நீங்கள் புதிதாகச் சேர்த்திருப்பதாக நினைக்க வேண்டாம். அவை பிறப்பிலேயே ஒட்டியவை. ஜாம்பி என்ற கற்பனை கரீபியன் தீவு நாடான ஹைட்டியின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் உலகிலிருந்து வந்தது. சாவாவது தங்களை விடுவிக்கும் என்று நம்பியிருந்தவர்களுக்கு, செத்த பிறகும் உடலை எழுப்பி வேலை வாங்குவார்கள் என்பதைவிடக் கொடிய அச்சம் வேறென்ன இருக்க முடியும்? மந்திரவாதி ஒரு பொடியைக் கொடுத்து மனிதனின் சுயநினைவைப் பறித்துவிடுகிறான் என்பது அங்கு வழங்கும் கதை. நம் ஊர் வேலியோரத்தில் முளைத்துக் கிடக்கும் ஊமத்தையின் இனத்துச் செடியை ஹைட்டியில் 'ஜாம்பி வெள்ளரி' என்று அழைக்கிறார்கள். அந்தப் பொடியில் பேத்தை மீனின் நஞ்சு சேர்கிறது என்று 1980களில் வேட் டேவிஸ் என்ற ஆய்வாளர் எழுதியதை அறிவியலாளர்கள் பலர் ஏற்கவில்லை. ஆனாலும் கதையின் வேரில் ஒரு மயக்க மருந்து இருக்கிறது என்பதில் மாற்றமில்லை.

1932இல் வெளிவந்த 'ஒயிட் ஜாம்பி' இந்த ஹைட்டிக் கதையைத்தான் எடுத்துக்கொண்டது. அதில் ஜாம்பிகள் யாரையும் கடிப்பதில்லை. கரும்பாலையில் பேசாமல் செக்கைச் சுற்றித் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவன் கால் தவறி உள்ளே விழுகிறான், மற்றவர்கள் நிற்காமல் நடக்கிறார்கள். ரத்தம் ஒரு சொட்டுக்கூடக் காட்டாத அந்தக் காட்சியை நான் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகியும் அந்த ஆலையின் கிறீச்சொலி காதைவிட்டுப் போகவில்லை. குறைந்த செலவில் எடுப்பவர்கள் அதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

மனிதரைத் தின்னும் கூட்டமாக ஜாம்பியை மாற்றியது 1968இல் வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் ஏறத்தாழ 1,14,000 டாலரில் அதை முடித்தார்கள். இடிக்கப்படவிருந்த பண்ணை வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டார்கள். நாடு முழுவதும் நடக்கும் பேரழிவைக் காட்டப் பணமில்லாததால் அதை வானொலிச் செய்தியாகவும் தொலைக்காட்சிச் செய்தியாகவும் வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். வீட்டுக்குள் இருப்பவர்கள் அந்தப் பெட்டியைச் சுற்றி நின்று கேட்கும்போது வெளியே எவ்வளவு பெரிய கூட்டம் நிற்கிறது என்பதை நம் மனமே பெருக்கிக்கொள்கிறது. உங்கள் 12 பேர் தாராளமாகப் போதும். விடுதி வாசலில் நான்கு பேர் நிற்கட்டும். மற்ற ஆயிரம் பேரைக் காவலாளியின் பழைய டிரான்சிஸ்டர் சொல்லட்டும்.

சிரிப்பைப் பற்றி ஒன்று சொல்கிறேன். ஜாம்பி என்பவன் சுயபுத்தியை நிரந்தரமாக இழந்தவன். போதையில் இருப்பவன் அதை ஓர் இரவுக்கு அடகு வைத்தவன். இருவரும் ஒரே மாதிரி நடக்கிறார்கள், ஒரே மாதிரி வாயைப் பிளந்து பார்க்கிறார்கள், இருவருக்கும் அடங்காத பசி. இந்த ஒற்றுமை கண்ணில் படும்வரை சிரிப்பு தானாகவே வரும். 2004இல் வந்த 'ஷான் ஆஃப் தி டெட்' படத்தில் நாயகன் முந்தைய இரவின் குடிமயக்கம் தீராமல், தினமும் போகும் அதே கடைக்கு அதே வழியில் போய்த் திரும்புகிறான். தெருவெல்லாம் ஜாம்பிகள், அவனுக்கு எதுவும் தெரியவில்லை. கேமரா வெட்டாமல் அவன் பின்னாலேயே போகிறது. வசனமே தேவைப்படாத அந்தக் காட்சிதான் இந்த வகைப் படங்களுக்கு இலக்கணம் என்பது என் கருத்து. ஆனால் அந்த அறியாமை ஒரு கட்டத்தில் முடிந்தாக வேண்டும். உங்கள் கதையில் போதை எத்தனை மணிக்கு இறங்குகிறது? விடிய விடிய இறங்கவில்லை என்றால் 12ஆம் பக்கத்துச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

மறுமொழி 2: கடைசிவரிசை இருக்கை

பழைய பிலிம்சுருள் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். கடைசிப் பத்தியில் மட்டும் சிறிது மாறுபடுகிறேன். போதை இறங்குவதைவிட, போதையில் இல்லாத ஒருவர் பக்கத்தில் இருப்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

'கோ கோவா கான்' படத்தையே எடுத்துக்கொள்வோம். குணால் கேமு, வீர் தாஸ் இருவரின் பாத்திரங்களும் புகைத்துக்கொண்டு பொழுதைக் கழிப்பவர்கள். அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கும் பன்னி (Bunny) என்ற மூன்றாவது நண்பர், அலுவலகக் கூட்டத்துக்காக ஒழுங்காகக் கோவாவுக்குக் கிளம்பியவர். அவரோடு இவர்கள் ஒட்டிக்கொள்கிறார்கள். ஆனந்த் திவாரி அந்தப் பன்னியாக நடித்திருக்கும் விதத்தைக் கவனித்துப் பாருங்கள். மற்ற இருவரும் உளறும்போதெல்லாம் நமக்குச் சிரிப்பு வருவது அந்த உளறலைக் கேட்டுப் பன்னியின் முகம் வாடுவதால்தான். தீவில் நடக்கும் விருந்தில் புதிதாக வந்த சிவப்பு மாத்திரையை விழுங்கியவர்கள் காலையில் ஜாம்பிகளாக எழுந்த பிறகும், பன்னியின் பயம் உண்மையான பயமாகவே இருக்கிறது. பயப்படும் ஒருவர் திரையில் இருந்தால்தான் பயப்படாத மற்றவர்கள் முட்டாள்களாகத் தெரிவார்கள். மூன்று பேருமே உளறினால் அது மூன்று பேர் பேசிக்கொள்வதாகிவிடும். பார்வையாளர் வெளியே நிற்பார்.

அந்தப் படத்தில் எனக்கு உறுத்தும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். சைஃப் அலி கான் நடித்த போரிஸ், பொன்னிறத் தலைமுடியும் ரஷ்ய உச்சரிப்புமாகத் துப்பாக்கியோடு நுழையும்போது அரங்கம் ஆர்ப்பரிக்கும். அவர் உண்மையில் ரஷ்யரே இல்லை என்ற திருப்பமும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் சுடத் தெரிந்த ஒருவர் வந்துவிட்டதால் மற்றவர்கள் யோசிக்க வேண்டிய தேவை குறைந்துவிடுகிறது, ஜாம்பிகளும் வரிசையில் வந்து விழும் பலகைகளாகிவிடுகிறார்கள். படம் மீண்டும் உயிர் பெறுவது கொக்கைன் பொடி மூக்கில் ஏறிய ஜாம்பிகள் அசையாமல் நின்றுவிடுகிறார்கள் என்று இவர்கள் கண்டுபிடிக்கும் இடத்தில்தான். இத்தனை நாள் இவர்களைக் கெடுத்த பழக்கத்தைப் பற்றிய அறிவே அங்கே வழிகாட்டுகிறது. போதை என்பது முதல் அரைமணி நேர வேடிக்கையோடு நின்றுவிடாமல் கதையின் முடிச்சை அவிழ்க்கவும் பயன்பட்டால்தான் அது ஸ்டோனர் காமெடி, அதாவது போதை ஆசாமிகளை வைத்து எடுக்கும் நகைச்சுவை. இல்லாவிட்டால் கையில் பீடியோடு திரியும் சாதாரண ஜாம்பி படம்.

இன்னொன்று. தமிழிலேயே 'மிருதன்' என்ற ஜாம்பி படம் 2016இல் வந்துவிட்டது. கடித்தால் தொற்றும், தலையில் அடித்தால் விழும் என்பதெல்லாம் நம் பார்வையாளர்களுக்குப் பாடம். அதை விளக்க ஒரு பக்கம்கூடச் செலவிட வேண்டாம்.

மறுமொழி 3: அரிதாரம்

நான் குறும்படங்களுக்கு ஒப்பனை செய்கிறவள். திரைக்கதை பற்றி மேலே உள்ளவர்கள் சொல்லட்டும். 12 பேரைக் கூட்டமாக்குவது பற்றி நான் சொல்கிறேன், தம்பி.

எல்லோருக்கும் ஒரே அளவு ஒப்பனை போட்டுப் பணத்தையும் நேரத்தையும் கரைத்துவிடாதீர்கள். கேமரா நெருங்கும் மூவருக்கு மட்டும் முழுக் காயம். லிக்விட் லாட்டெக்ஸ் என்ற திரவ ரப்பரும் டிஷ்யூ பேப்பரும் மாறி மாறி ஒட்டிக் காய்ந்த பிறகு நடுவில் கிழித்துவிட்டால் சதை பிய்ந்தது போலவே இருக்கும். லாட்டெக்ஸ் ஒத்துக்கொள்ளாத உடல்கள் உண்டு என்பதால் முதல் நாளே முன்கையின் உட்பக்கத்தில் தடவிச் சோதித்துவிடுங்கள். புருவத்திலும் முடியிலும் படவே கூடாது, பிய்க்கும்போது முடியோடு வரும். அடுத்த நான்கு பேருக்கு வெளிறிய நிறமும் கண்ணைச் சுற்றிக் கருமையும் போதும். மிச்சம் ஐந்து பேரும் பின்னால் நிற்பவர்கள். அவர்களுக்குக் கிழிந்த சட்டையும் நடையுமே ஒப்பனை. ஒவ்வொருவரும் தன் உடலில் ஒரே ஒரு மூட்டைத் தேர்ந்தெடுத்து, அது உடைந்துவிட்டதாக எண்ணி நடக்கட்டும். ஒருவருக்குக் கணுக்கால், ஒருவருக்குத் தோள், ஒருவருக்குக் கழுத்து. எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு ஒரே மாதிரி நடந்தால் பள்ளி ஆண்டுவிழா நாடகமாகிவிடும். சட்டையை மாற்றிப் போட்டு அதே ஐவரை மறுபக்கத்திலிருந்தும் நடக்கவிடலாம், இருட்டில் யாருக்கும் தெரியாது.

ரத்தத்துக்கு வருகிறேன். ரொமேரோவின் படம் கறுப்பு வெள்ளை என்பதால் சாக்லேட் சிரப் ஊற்றிச் சமாளித்தார்கள். வண்ணத்தில் அந்த வசதி கிடையாது. பலரும் சர்க்கரைப் பாகில் சிவப்பு நிறம் கலக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு படத்தில் பிணமாகப் படுத்திருந்த பையன் இரவு இரண்டு மணிக்கு அலறிக்கொண்டு எழுந்தான். கழுத்து மடிப்பு முழுக்க எறும்பு. அன்றிலிருந்து உடம்பில் படும் ரத்தத்துக்குச் சோளமாவை (கார்ன்ஃப்ளவர்) தண்ணீரில் கரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து நிறம் கலக்கிறேன். வெறும் கேசரிப் பவுடர் வெள்ளை விளக்கில் ஆரஞ்சாகத் தெரியும். ஒரு சிட்டிகை கோகோ தூளும் ஒரே ஒரு சொட்டு நீலமும் சேர்த்தால் ஆறின ரத்தத்தின் நிறம் வந்துவிடும். வாயிலிருந்து வழிய வேண்டிய காட்சிக்கு மட்டும் பாகு வைத்துக்கொள்ளுங்கள். நிறம் படும் இடத்தில் முன்கூட்டியே தேங்காய் எண்ணெய் பூசிவிட்டால் மறுநாள் சிவந்த முகத்தோடு யாரும் வேலைக்குப் போக வேண்டியிராது. ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் ரத்தத்தின் இடத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். கான்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் மாறாத தொடர்ச்சி, தவறினால் சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பார்கள்.

மறுமொழி 4: வடக்குவாசல்

கஞ்சா பற்றிய கேள்விக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். போதைப் பொருளை ஊக்குவிக்கும், நியாயப்படுத்தும், கவர்ச்சியாக்கும் காட்சிகள் கூடாது என்பது திரைப்படத் தணிக்கைக்கான அரசின் வழிகாட்டு நெறிகளில் உள்ளது. திரையரங்கில் வெளியிடும் எண்ணம் இருந்தால் எழுதும்போதே அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புகைக்கும் காட்சி வந்தால் எச்சரிக்கை வாசகமும் வேண்டும். படப்பிடிப்பில் உண்மையான கஞ்சா ஒரு கிராம்கூட இருக்கக் கூடாது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம், நடிப்புக்காக என்பது அங்கே எடுபடாது. உலர்ந்த மூலிகை இலை போதும்.

இரவில் ரத்தம் பூசிய 12 பேர் தெருவில் நடந்தால் அக்கம்பக்கத்தார் பயந்துவிடுவார்கள். காவல் நிலையத்தில் முன்பே எழுத்தில் தெரிவித்து, முத்திரையிட்ட நகலை ஒருவர் சட்டைப் பையில் வைத்திருங்கள். அனுமதிக் காகிதங்களையும் உரிமைக் காகிதங்களையும் அலட்சியப்படுத்த வேண்டாம்: ரொமேரோவின் படத்துக்குக் கடைசி நேரத்தில் தலைப்பை மாற்றியபோது பதிப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போய், அமெரிக்காவில் அந்தப் படம் பொதுச்சொத்தாகவே ஆகிவிட்டது. எடுத்தவர்களுக்கு வர வேண்டிய பணத்தில் பெரும்பகுதி வேறு யார் யார் கைக்கோ போயிற்று.

மறுமொழி 5: மாலைக்காட்சி

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. கடைசிவரிசை அவர்களின் பதிலைப் படித்துவிட்டுத் திரைக்கதையை மறுபடியும் எடுத்துப் புரட்டினேன். எங்கள் கதையில் தெளிவோடு இருப்பவர் காவலாளி ஒருவர்தான். அவரை ஜாம்பிகள் கொல்லும் காட்சி 11ஆம் பக்கத்தின் அடியில் இருக்கிறது. அதைப் படித்து இருபது பேரும் உச் கொட்டினார்கள் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அதற்குப் பிறகு மொட்டை மாடியில் இருப்பவர்களின் உளறலைக் கேட்க யாருமே இல்லை.

நேற்று இரவு நண்பர்களோடு உட்கார்ந்து அந்தச் சாவை எடுத்துவிட்டோம். காவலாளி டிரான்சிஸ்டரோடு மாடிப்படி ஏறி வந்து, கதவை உள்பக்கம் தாழிட்டு, பிளாஸ்க்கில் இருந்த கடுங்காப்பியை இருவருக்கும் ஊற்றிக் கொடுக்கிறார். போதை தெளிய எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் கேட்கிறார். ஒருவன் ஒரு மணி நேரம் என்கிறான், மற்றவன் ஞாயிற்றுக்கிழமை என்கிறான். கீழே கதவைத் தட்டும் சத்தம் கேட்கிறது. 12ஆம் பக்கம் இப்போது இங்கிருந்து தொடங்குகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வேறு இருபது பேரை அழைத்திருக்கிறோம். வாசித்து முடித்ததும் இதே இழையில் வந்து எழுதுகிறேன். அரிதாரம் அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும்: காவலாளியாக நடிப்பவருக்கு வயது 61, சோளமாவு ரத்தம் தெறிக்கும் காட்சியில் அவர் கண்ணாடியைக் கழற்றிவிடலாமா, அல்லது போட்டபடியே இருப்பது கண்ணுக்குப் பாதுகாப்பா?