1997 ஸீ-டூ: இரண்டு வகை ஒயில் கலந்துவிட்டது, கார்புரேட்டரில் பச்சைப் பிசின்

சிம்கோ_ஏரி (ஸ்காபரோ) எழுதியது:

வணக்கம். சென்ற மாதம் ஒருவரிடமிருந்து 1997ஆம் ஆண்டு ஸீ-டூ ஜிடிஎக்ஸ் என்னும் ஜெட் வண்டி (தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டர்) ஒன்றை வாங்கினேன். மூவர் அமரக்கூடியது; உள்ளே இரட்டைக் கார்புரேட்டர் பொருத்திய ரோட்டாக்ஸ் 787 டூ ஸ்ட்ரோக் எஞ்சின் இருக்கிறது. பெற்றோல் தாங்கி வேறு, ஒயில் தாங்கி வேறு. எஞ்சினோடு சுழலும் பம்ப்தான் தேவையான ஒயிலை உள்ளே செலுத்துகிறது. விற்றவர், தாம் எப்போதும் டிசி-டபிள்யூ3 என்ற தரக் குறியீடு அச்சிட்ட நீல நிற அவுட்போர்ட் (படகின் பின்புறம் மாட்டும் மோட்டார்) ஒயிலையே ஊற்றியதாகச் சொன்னார். தாங்கியில் அது பாதிக்கும் கீழே இறங்கியிருந்தபோது, கடைக்காரர் எடுத்துத் தந்த, ஏபிஐ டிசி (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் தரக் குறியீடு) என்று அச்சிட்ட செயற்கை ஒயிலில் ஒரு லீற்றரை அதன் மேலேயே ஊற்றிவிட்டேன். போத்தலின் பின்பக்கத்தை வாசித்தது ஊற்றிய பிறகுதான்.

மூன்றாவது முறை ஏரியில் இறக்கியபோது, த்ராட்டிலைப் பாதிக்கு மேல் அழுத்தினால் எஞ்சின் திணறத் தொடங்கியது. கராஜுக்குக் கொண்டுவந்து கார்புரேட்டரைத் திறந்து பார்த்தேன். உள்ளேயிருக்கும் சிறிய வலை வடிகட்டியில் பச்சை நிறப் பிசின் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பலாப்பால் போல நூலாக இழுபடுகிறது. இரண்டு ஒயில்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் உறைந்ததால்தான் இப்படி ஆனதா? பம்பையே கழற்றிவிட்டுப் பெற்றோலிலேயே ஒயிலைக் கலந்து ஓட்டும்படி நண்பர் ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்வதானால் எந்த ஒயிலை, எந்த அளவில் கலக்க வேண்டும்?

பருத்தித்துறையான் எழுதியது:

தம்பி, நான் ஊரில் இருந்த காலத்தில் 15 குதிரை வலு, 25 குதிரை வலு அவுட்போர்ட் மோட்டார்களோடு இருபது வருடம் கடலுக்குப் போனவன். தண்ணீரில் ஓடும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு டிசி-டபிள்யூ3 போதும் என்பதே என் அனுபவம். அந்தப் பெயரில் உள்ள டபிள்யூ என்ற எழுத்தே தண்ணீரால் குளிர்விக்கப்படும் எஞ்சினைத்தான் குறிக்கிறது. அமெரிக்காவின் தேசியக் கடல்சார் உற்பத்தியாளர் சங்கம் சோதித்துச் சான்று கொடுத்த ஒயில் என்றால், போத்தலில் ஆர்எல் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அதைப் பார்த்து வாங்கினால் எந்த நிறுவனத்தின் ஒயில் என்பது பெரிய விடயமல்ல. மோட்டார் சைக்கிளுக்கு விற்கும் ஒயிலை அவுட்போர்ட்டில் ஊற்றியவர்கள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்தே களைத்துப்போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே பழையபடி நீல ஒயிலுக்கே திரும்புவது நல்லது என்று நினைக்கிறேன்.

கன்னியாகுமரிக்காரன் எழுதியது:

முதலில் அந்தப் பச்சைப் பிசினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கும் நீங்கள் கலந்த ஆயிலுக்கும் தொடர்பில்லை. உங்கள் எஞ்சினில் ஆயில் கார்புரேட்டர் வழியாகப் போவதே கிடையாது. பம்பிலிருந்து புறப்படும் இரண்டு மெல்லிய குழாய்கள், கார்புரேட்டரைத் தாண்டி, காற்றும் பெட்ரோலும் எஞ்சினுக்குள் நுழையும் இடத்தில் ஆயிலைச் சேர்க்கின்றன. கார்புரேட்டர் வலையில் படிந்தது எதுவானாலும் அது பெட்ரோலோடு வந்ததாகத்தான் இருக்க வேண்டும். 90களில் வந்த ஸீ-டூக்களில் சாம்பல் நிறப் பெட்ரோல் குழாய்களைப் பொருத்தியிருந்தார்கள். ஆண்டுகள் போகப் போக அவற்றின் உட்சுவர் பெட்ரோலில் கரைந்து பச்சைப் பிசினாக வழியும். நான் வேலை செய்யும் ஒன்ராறியோ பட்டறைக்கு ஆயிலைக் குற்றம் சொல்லிக்கொண்டு வந்த பல வண்டிகளில் உண்மையான குற்றவாளி இந்தக் குழாய்தான். சாம்பல் குழாய் முழுவதையும் அகற்றிக் கால் அங்குலக் கறுப்புப் பெட்ரோல் குழாயை மாட்டுங்கள். பெட்ரோல் திறப்பு வால்வையும் கழற்றிக் கழுவுங்கள், அதற்குள்ளும் பிசின் இருக்கும். அதுவரை வண்டியைத் தண்ணீரில் இறக்க வேண்டாம். வலை அடைத்துக்கொண்ட கார்புரேட்டர் தன் சிலிண்டருக்குப் பெட்ரோலைக் குறைத்துக் கொடுக்கும். அந்த நிலையில் முழு வேகத்தில் ஓட்டினால் பிஸ்டனின் தலை உருகிவிடும்.

இனி ஆயில். பருத்தித்துறை ஐயா சொன்னது அவுட்போர்ட் மோட்டாருக்கு முற்றிலும் சரி. டிசி-டபிள்யூ3 ஆயிலில் எரிந்தபின் சாம்பல் விடும் உலோகச் சேர்மானங்கள் கிடையாது. குளிர்ச்சியாக, ஒரே சீரான வேகத்தில் மணிக்கணக்காக ஓடும் அவுட்போர்ட்டுக்கு அதுவே பொருத்தம். ஜெட் வண்டியின் எஞ்சின் அப்படி ஓடுவதில்லை. அவுட்போர்ட் மோட்டார்கள் பொதுவாக நிமிடத்துக்கு 5,000 முதல் 5,500 சுற்றுகளில் வேலை செய்யும்போது, 787 எஞ்சின் 7,000 சுற்றுகளை நெருங்குகிறது. பெயரில் 787 என்றாலும், 782 சிசியில் 110 குதிரைத்திறன் எடுக்கிறார்கள். அலையில் வண்டி துள்ளி, தண்ணீரைப் பீய்ச்சி வண்டியை உந்தும் ஜெட் பம்ப் காற்றை விழுங்கும் கணத்தில் சுமையே இல்லாமல் சீறுகிறது. வெளியே தண்ணீர் ஓடினாலும் பிஸ்டன் ரிங் உட்காரும் பள்ளத்தில் உள்ள சூடு மோட்டார் சைக்கிளின் சூட்டுக்கு அருகில் போகிறது. அந்தச் சூட்டில் ரிங் ஒட்டிக்கொள்ளாமல் கழுவிக்கொண்டே இருக்கத்தான் ஏபிஐ டிசி வகை ஆயிலில் சிறிதளவு உலோகச் சேர்மானம் வைக்கிறார்கள். இதோடு, உங்கள் எஞ்சினின் புகைப்போக்கித் துளையில் ரேவ் வால்வு என்ற தகடு மேலும் கீழும் ஏறி இறங்குகிறது. அதில் தாரும் கரியும் படிந்தால் தகடு அசையாமல் நின்றுவிடும், உச்ச வேகம் போய்விடும். ரேவ் வால்வு உள்ள ரோட்டாக்ஸ் எஞ்சினுக்குச் சாம்பல் குறைந்த ஏபிஐ டிசி ஆயில்தான் என் தேர்வு. தயாரித்தவர்கள் தங்கள் பெயரில் விற்பதும் அந்த வகைதான். விலை கூடுதல் என்பதை மறுக்க முடியாது. கார் எஞ்சினுக்கான ஃபோர் ஸ்ட்ரோக் ஆயிலை மட்டும் யார் சொன்னாலும் ஊற்றாதீர்கள். அது எரிவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

கலந்துவிட்டதைப் பற்றிக் கேட்டீர்கள். டிசி-டபிள்யூ3 ஆயில்கள் தமக்குள் எந்த நிறுவனத்துடையதானாலும் கலக்க வேண்டும் என்பது அந்தச் சான்றுக்கான சோதனைகளிலேயே ஒன்று. ஆனால் டிசி-டபிள்யூ3 வகையையும் சாம்பல் குறைந்த வகையையும் சேர்த்தால் இரண்டின் சேர்மானங்களும் ஒன்றோடொன்று வினைபுரிந்து கெட்டியாகும் வாய்ப்பு உண்டு. வெவ்வேறு ஆயில்களைக் கலக்க வேண்டாம் என்று வண்டியின் கையேடே எச்சரிக்கிறது. எந்த இடத்தில் கலக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெட்ரோல் தாங்கியில் இரண்டும் சேர்ந்தால் ஐம்பது பங்கு பெட்ரோலில் கரைந்து போய்விடும், பெரிய கெடுதி இல்லை. ஆயில் தாங்கியில் இரண்டும் வாரக்கணக்கில் பெட்ரோல் படாமல் கிடக்கின்றன. அங்கிருந்து சிறிய வடிகட்டி வழியாக, பேனா ரீஃபில் பருமனுள்ள குழாய்களில் இறங்க வேண்டும். நானே ஒரு ஜாம் பாட்டிலில் இரண்டையும் பாதிப் பாதியாக ஊற்றி ஃப்ரீசரில் இரண்டு இரவு வைத்துப் பார்ப்பதுண்டு. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒரே ஒரு முறை அடியில் தயிர் திரிந்தது போலக் கட்டி விழுந்தது. அந்த ஒரு முறை போதும், தாங்கியைக் காலி செய்யச் சொல்வதற்கு.

கைப்பம்பால் பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஆயில் வடிகட்டியைப் புதிதாக மாற்றி, புது ஆயிலை ஊற்றியபின், பம்பின் மேலுள்ள சிறிய திருகைத் தளர்த்திக் குமிழி நிற்கும்வரை ஒழுக விடுங்கள். பிறகு குளிர்விக்கும் தண்ணீர்க் குழாயை மாட்டி எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பம்பின் நெம்புகோலை முழுவதும் திறந்து பிடித்தால் மெல்லிய குழாய்களில் உள்ள காற்றும் வெளியேறும். இந்த வேலையின்போது காற்றுக் குமிழியால் எஞ்சின் ஆயிலின்றி ஓடிவிடக்கூடாது என்பதற்காக, பெட்ரோலில் 50:1 அளவில் ஆயிலைக் கலந்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

பம்பைக் கழற்றச் சொன்ன நண்பர் இந்த எஞ்சினுக்குள் இருக்கும் ரோட்டரி வால்வை (காற்றும் பெட்ரோலும் நுழையும் வழியைத் திறந்து மூடும் சுழல் தகடு) மறந்துவிட்டார். அந்த வால்வைச் சுழற்றும் பல்சக்கரத் தண்டு, பம்பின் தயவில் இல்லாமல், தாங்கியிலிருந்து தன் எடையால் இறங்கும் ஆயிலில் மூழ்கிக் கிடக்கிறது. அதற்கென்று இரண்டு பருத்த குழாய்கள் தனியே வருகின்றன. பெட்ரோலில்தான் கலக்கிறோமே என்று தாங்கியைக் காலியாக விட்டால் பல்சக்கரம் தேய்ந்து எஞ்சின் போய்விடும். பம்பை எடுத்தாலும் தாங்கியும் அந்தக் குழாய்களும் நிறைந்திருக்க வேண்டும். அப்படியிருக்க, நன்றாக வேலை செய்யும் பம்பை எடுப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. பம்பை நம்ப முடியவில்லை என்றால் தாங்கியின் பக்கவாட்டில் ஒரு காகித நாடாவை ஒட்டி, ஆயில் மட்டத்தைப் பேனாவால் குறியுங்கள். 40 லிட்டர் பெட்ரோல் செலவானபின் முக்கால் லிட்டருக்கும் ஒரு லிட்டருக்கும் இடைப்பட்ட அளவில் ஆயில் குறைந்திருந்தால் பம்பின் மேல் சந்தேகம் வேண்டாம். மெதுவாகவே ஓட்டியிருந்தால் இன்னும் குறைவாகத்தான் செலவாகியிருக்கும்.

ஜுமேரா_அலை (துபாய்) எழுதியது:

கலந்து ஓட்டுபவன் என்ற முறையில் அளவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என்னிடம் இருப்பது நின்றபடி ஓட்டும் யமஹா சூப்பர்ஜெட். 2021இல் ஃபோர் ஸ்ட்ரோக்காக மாறுவதற்கு முந்தைய 701 சிசி டூ ஸ்ட்ரோக். அதில் பம்ப் கிடையாது, கலவை ஒன்றே வழி. 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 40:1 என்றால் 25 மில்லி, 32:1 என்றால் 31 மில்லி. ஊரில் அப்பாவின் ஸ்கூட்டருக்குப் பங்க்கில் கண்ணளவாக 2டி (டூ ஸ்ட்ரோக் ஆயில்) ஊற்றியது போல இதற்கு ஊற்ற முடியாது. கோடு போட்ட அளவுக் குவளையில் ஆயிலை எடுத்து, முதலில் பாதிப் பெட்ரோலோடு குலுக்கிவிட்டு மீதிப் பெட்ரோலைச் சேர்க்கிறேன். அமெரிக்கப் போத்தல்களில் அளவு கேலன் கணக்கில் இருந்தால், அது 3.785 லிட்டர் கேலனா, 4.546 லிட்டர் கேலனா என்று பாருங்கள். கனடாவில் பழைய கேன்களில் இந்தக் குழப்பம் இன்னும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பாதுகாப்புக்காக ஆயிலைக் கூட்டிக்கொண்டே போவதும் சரியல்ல. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு முனையான ஜெட்டின் துளை மாறுவதில்லை; அதன் வழியே போகும் கலவையில் ஆயிலின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறைகிறது, எஞ்சின் சூடாகிறது. போட்டிக்காக மாற்றியமைத்த எஞ்சினில் 32:1 ஊற்றுபவர்கள் ஜெட்டையும் சேர்த்தே மாற்றுகிறார்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் கலந்து வைத்ததை ஒரு மாதத்துக்கு மேல் நான் பயன்படுத்துவதில்லை. இன்னொன்று, ஆயிலின் நிறம் வெறும் சாயம். நீலம் என்பதால் அவுட்போர்ட் ஆயில் என்றோ, சிவப்பு என்பதால் பைக் ஆயில் என்றோ முடிவு செய்ய வேண்டாம்.

பருத்தித்துறையான் எழுதியது:

ரேவ் வால்வு என்ற ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. எங்கள் மோட்டாரில் அப்படி எதுவும் இருந்ததில்லை. நான் சொன்னதை அவுட்போர்ட்டுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி.

சிம்கோ_ஏரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன். குழாய்கள் சாம்பல் நிறமாகத்தான் இருந்தன. ஒரு துண்டை நீளவாக்கில் கிழித்துப் பார்த்தபோது உட்சுவர் விரலில் ஒட்டியது, வலையில் இருந்த அதே பச்சை. எல்லாவற்றையும் மாற்றி, இரண்டு கார்புரேட்டர்களையும் கழுவினேன். ஒயில் தாங்கியைக் காலி செய்தபோது அடியில் கட்டி எதுவும் இல்லை; ஃப்ரீசரில் வைத்த ஜாம் போத்தலிலும் எதுவும் உறையவில்லை. ஆனாலும் வடிகட்டியை மாற்றி, முழுவதும் ஏபிஐ டிசி ஒயிலை ஊற்றிவிட்டேன். ரேவ் வால்வுகளில் இடப்பக்கத் தகடு சுலபமாக அசைந்தது. வலப்பக்கத்தது தார் பிடித்துப் பாதியில் சிக்கியிருந்தது, கழற்ற அரை மணி நேரம் பிடித்தது. நேற்று முழு வேகம் வந்தது. நாடா ஒட்டிப் பார்த்ததில் 38 லீற்றர் பெற்றோலுக்கு ஏறத்தாழ 850 மில்லிலீற்றர் ஒயில் குறைந்திருக்கிறது.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. குளிர்காலம் முழுவதும் நிறுத்தி வைத்தால், அந்த ரோட்டரி வால்வுக் குழாய்களில் உள்ள ஒயில் எஞ்சினுக்குள் கசிந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். அது உண்மையா?

கன்னியாகுமரிக்காரன் எழுதியது:

கிராங்க் தண்டைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் உள் சீல் தேய்ந்திருந்தால் உண்மைதான். வசந்தத்தில் திறக்கும்போது கிராங்க் அறையில் ஆயில் தேங்கி நிற்கும். எஞ்சின் சுழலாமல் முட்டும், அல்லது ஏரிக்கரையே மறையும் அளவுக்குப் புகைக்கும். நிறுத்தி வைக்கும்போது அந்த இரண்டு பருத்த குழாய்களையும் இடுக்கியால் நெரித்து வைப்போம். மறுபடி ஸ்டார்ட் செய்யுமுன் இடுக்கியைக் கழற்ற மறந்தால் பல்சக்கரம் ஆயிலின்றி ஓடிவிடும் என்பதால், இடுக்கி மாட்டியவுடன் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவேன்.