6746328388800: இதைவிடச் சிறிய எண்ணுக்கு இத்தனை காரணிகள் இல்லை என்று எப்படித் தெரியும்?

தறிக்கணக்கு:
வணக்கம். ஜவுளிக் கடையில் கணக்கெழுதுகிறேன். எண்கள் என்றால் எனக்கு உயிர். ராமானுஜன் 1915-ல் வெளியிட்ட உயர் பகு எண்கள் (தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்கள்) கட்டுரையின் பட்டியலில் கடைசி எண் 6746328388800. ஆறே முக்கால் லட்சம் கோடிக்குக் கொஞ்சம் கீழே. பிரித்துப் பார்த்தேன்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 10080 காரணிகள். இதுவரை சரி. ஆனால் இதற்குக் கீழே உள்ள எந்த எண்ணும் 10080-ஐத் தொடவில்லை என்று, கணினி இல்லாத காலத்தில் ஒரு மனிதர் எப்படி உறுதியாகச் சொல்ல முடிந்தது? படுத்தாலும் இதே நினைப்பு.

பழைய வாத்தியார்:
தம்பி, எல்லா எண்ணையும் பார்க்கவே வேண்டாம். காரணிகளின் எண்ணிக்கை அடுக்குகளை மட்டும் பொறுத்தது. 2-ன் அடுக்கைவிட 3-ன் அடுக்கு பெரிதாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றுங்கள். காரணிகள் அத்தனையும் அப்படியே இருக்கும், எண் சிறுத்துவிடும். ஆகவே அடுக்குகள் ஏறவே கூடாது. நடுவில் ஒரு பகா எண்ணை விட்டுத் தாண்டவும் கூடாது. உங்கள் எண்ணில் 6, 4, 2, 2, 1, 1... என்று இறங்குவதைப் பாருங்கள், எவ்வளவு அழகு!

அப்புறம், 2 முதல் 37 வரை பகா எண்களைப் பெருக்கினால் 7420738134810. நம் எண்ணைத் தாண்டிவிட்டது. ஆக 31-க்கு மேல் எதுவும் வராது. மிச்சம் இருப்பவை கையால் சோதிக்கக்கூடிய அளவுதான். உதாரணமாக, 23-ஐ எடுத்துவிட்டு 22-ஆல் பெருக்குங்கள். எண் சிறிதாகும், ஆனால் காரணிகள் 8640 ஆகக் குறையும். 7 ஒன்றை எடுத்து 6-ஆல் பெருக்கினால் 9216. இப்படி ஒவ்வொரு வழியாக அடைத்துக்கொண்டே வர வேண்டும். இதற்கு மேல், கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 என்றும், 4, 36 இரண்டு மட்டுமே விலக்கு என்றும் ராமானுஜன் நிறுவினார். 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது இந்த ஆய்வுக்காகத்தான்.

இரவுநிரல்:
ஐயா சொன்னதோடு ஒன்று. அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 293318625600. அதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள், பட்டியலின் கடைசி எண்ணே வரும்! விடுபட்டதற்குக் காரணிகள் 5040, கடைசி எண்ணுக்கு 10080. இந்த 5040, 10080 இரண்டுமே உயர் பகு எண்கள்தான். கையால் இவ்வளவு தூரம் போனவரின் பட்டியலில் ஒன்றே ஒன்று நழுவியது என்பது எனக்கு அவர் மேல் மரியாதையைக் கூட்டத்தான் செய்கிறது.

போர்க்காலத்தில், கட்டுரையை வெளியிட்ட லண்டன் கணிதச் சங்கத்துக்குப் பண நெருக்கடி. கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறவில்லை. அது 1997-ல்தான் வெளிவந்தது.

தறிக்கணக்கு:
இருவருக்கும் நன்றி. விடுபட்ட எண்ணின் அக்கம்பக்கத்தையும் மதியம் பிரித்துப் பார்த்தேன். 195545750400-க்கு 4608, அடுத்து விடுபட்ட எண்ணுக்கு 5040, அதற்கடுத்து 321253732800-க்கு 5376. சரியாகத்தான் ஏறுகிறது. ஐயா, கடைசி அடுக்கு 1 என்பதற்கான நிறுவல் பள்ளிக் கணக்கு தெரிந்தவனுக்குப் புரியுமா? நேரம் இருக்கும்போது எழுதுங்கள்.