பிளேஸ்மென்ட் கிடைக்காத மாணவர்கள் ஒதுங்கிப்போகிறார்கள், எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி: வகுப்பு ஆலோசகர், பொறியியல் கல்லூரி, கோவை

ஆகஸ்டில் கேம்பஸ் வேலைத்தேர்வு தொடங்கியபோது இறுதியாண்டு மாணவர்கள் எல்லா டிரைவுக்கும் (கம்பெனிகள் கல்லூரிக்கு வந்து ஆள் எடுக்கும் நாள்) பெயர் கொடுத்தார்கள். ஆஃபர் வாங்கியவர்கள் பலர் ஜனவரியில் இன்டர்ன்ஷிப் போய்விட்டார்கள். மீதி 19 பேர் வகுப்புக்குச் சரியாக வருவதில்லை. மெஸ்ஸில் கூட்டம் கலைந்த பிறகுதான் சாப்பிட வருகிறார்கள். வாட்ஸ்அப் குரூப்பை மியூட் செய்துவிட்டார்கள். வெளியிலிருந்து ஒருவரை அழைத்து ஊக்கப் பேச்சு வைத்தோம். அடுத்த டிரைவுக்கு வந்தவர்கள் இன்னும் குறைவு. கேட்டால் "கான்ஃபிடன்ஸ் இல்ல சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

பதில்: மாணவர் நல ஆலோசகர், மதுரை

தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து முடிப்பது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் தெம்பு, உடம்பு காட்டும் பதற்றம். இதில் முதலாவதுக்குத்தான் வலு அதிகம். அறைக்குள் முடங்கியவருக்கு முதல் இரண்டும் அடைபட்டுவிடும். மூன்றாவதை மட்டும் மைக் வைத்துக் கொடுத்தால் எப்படி நிற்கும்?

இன்னொன்று, தனிமை பார்வையையே மாற்றிவிடும். ஆஃபர் வாங்கிய ரூம்மேட் மனம் நோகக்கூடாதென்று வேலைப் பேச்சையே எடுக்கமாட்டான். இவன் அதை இளக்காரமாக எடுத்துக்கொள்வான். இன்டர்வியூவில் எதிரே இருப்பவர் லேப்டாப்பைக் குனிந்து பார்த்தாலே "போச்சு" என்று குரல் இறங்கிவிடும். அவர் மார்க்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

19 பேரையும் ஒரே அறையில் உட்கார வைக்காதீர்கள். "அன்பிளேஸ்டு பேட்ச்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் யாரும் வரமாட்டார்கள். மூன்று பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள்: வேலை கிடைத்த ஒருவர், கிடைக்காத இருவர். இன்டர்ன்ஷிப் போனவர் போனில் சேரலாம். வாரம் இரண்டு நாள், 45 நிமிடம், இடமும் நேரமும் மாறக்கூடாது.

முதல் வாரம் மாக் இன்டர்வியூ (ஒத்திகை நேர்காணல்) வேண்டாம். 90 வினாடி சுய அறிமுகத்தை ஆடியோவாகப் பதிந்து அவரவரே கேட்கட்டும். வீடியோ எடுத்தால் முகத்தைப் பார்த்துக் கூசிப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். இரண்டாம் வாரம் புராஜெக்ட் பற்றிப் பத்துக் கேள்விகள். மூன்றாம் வாரம் வேறு துறை ஆசிரியர் ஒருவர் கேள்வி கேட்கட்டும். ஒரு முறைக்கு ஒரே ஒரு திருத்தம்தான் சொல்ல வேண்டும். வேலை கிடைத்தவர் சீக்கிரமே உபதேசத்தில் இறங்குவார், அங்கேதான் குழு உடையும். அவர் கையில் கேள்வித்தாளைக் கொடுத்துவிடுங்கள், கேட்பது மட்டும் அவர் வேலை.

பதில்: ஃப்ரெஷர்களை (புதிய பட்டதாரிகளை) வேலைக்குத் தேர்வு செய்பவர், சென்னை

இதோடு ஒரு கணக்கும் தேவை. "12 கம்பெனி ரிஜெக்ட் சார்" என்பவரை ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் நின்றது என்று எழுதச் சொல்லுங்கள்: தகுதி, ஆப்டிட்யூட் (கணக்கு, தர்க்கத் தேர்வு), கோடிங், ஜிடி (குழு விவாதம்), டெக்னிகல், எச்.ஆர். பத்தாம் வகுப்பிலிருந்து 60% கேட்கும் இடத்திலும், அரியர் ஹிஸ்டரி (முன்பு பாடத்தில் தோற்ற பதிவு) கூடாது என்னும் இடத்திலும் ஆளைப் பார்க்காமலே பெயரை நீக்கியிருப்பார்கள். அவற்றை அடித்துவிடுங்கள். மிச்சத்தில் பெரும்பாலானவை ஆப்டிட்யூட்டில் நின்றிருந்தால் குறை இருப்பது வேகத்தில்தான், பேச்சுப் பயிற்சியால் அது தீராது. தினம் 20 கேள்வி, 20 நிமிடம், கடிகாரம் வைத்து.

ஜிடியில் தமிழ் மீடியம் பிள்ளைகள் மனசுக்குள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அந்தப் பாயின்ட்டை வேறொருவர் சொல்லிவிடுவார். ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் போகாத வாக்கியங்களில் பேசப் பழக்குங்கள். முதல் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு தடவை வாய் திறந்தாக வேண்டும். அதற்குப் பிறகு இடைவெளி கிடைப்பது கஷ்டம்.

கேள்வி கேட்டவர்:

நன்றி சார், நன்றி மேடம். ஒரு மாணவி டே ஸ்காலர். போக வர நாலு மணி நேரம் பஸ், மாலையில் இருக்க முடியாது. வீட்டில் தினமும் "வேலை கெடச்சுதா?" என்று கேட்கிறார்களாம். அவருக்கு என்ன செய்வது?

பதில்: மாணவர் நல ஆலோசகர், மதுரை

அவருடைய குழு மதிய இடைவேளையில் கூடட்டும். வீட்டாரிடம் நீங்களே போனில் பேசுங்கள்: வேலைப் பேச்சு ஞாயிறு மட்டும், அன்று அவளே சொல்வாள் என்று. பிள்ளை சொன்னால் சாக்காகத் தெரியும், ஆசிரியர் சொன்னால் எடுபடும்.

பஸ் நேரத்தில் சீனியர்களுக்கு வாரம் ஐந்து மெசேஜ் அனுப்பலாம். நெருங்கியவர்களைவிட அரைகுறைப் பழக்கம் உள்ளவர்கள் வழியாகத்தான் வேலைச் சேதி அதிகம் வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இலேயே எழுதினார். ஆனால் "வேலை இருக்கா அண்ணா?" என்று கேட்கக்கூடாது. இல்லை என்றதும் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். "உங்க கம்பெனி டெக்னிகல் ரவுண்டில் எந்த சப்ஜெக்ட் அதிகம் கேட்பாங்க அண்ணா?" என்றால் அவரால் பதில் சொல்ல முடியும். ரெஃபரல் (தன் கம்பெனியில் சிபாரிசு) கேட்பது இரண்டு மூன்று முறை பேசிய பிறகு.

"டெபாசிட் கட்டினால் ஆஃபர் லெட்டர்" என்று வரும் அழைப்புகளையும் குழுவில் காட்டச் சொல்லுங்கள். கேட்க ஆளில்லாதவர்தான் அதில் விழுகிறார்.

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, "இருந்து என்ன ஆகப்போகுது" என்ற பேச்சு வருகிறது என்றால் இதெல்லாம் போதாது. அன்றே கூப்பிட்டு உட்கார்ந்து பேசுங்கள், தனியாக விடாதீர்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

பதில்: ஃப்ரெஷர்களை வேலைக்குத் தேர்வு செய்பவர், சென்னை

மூவர் குழுவில் இன்னொருவருக்கு வேலை கிடைத்தால் குழுவைக் கலைத்துவிடாதீர்கள் சார். மூன்றாமவர் மறுபடி அறைக்குள் போவது அந்த வாரத்தில்தான்.