நானே கட்டின ப்ளேன், ப்ரீஃப்ளைட்ல கண்ணு ஏமாத்துது, என்ன பண்றீங்க?

கேள்வி:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு சீட் கிட் ப்ளேன், பாகங்களா வாங்கி நாலு வருஷமா நானே கட்டினது, டெஸ்ட் ஃப்ளையிங்ல 11 மணி நேரம் ஆச்சு. போன வாரம் ப்ரீஃப்ளைட் (பறக்கிறதுக்கு முன்னாடி ப்ளேனைச் சுத்திப் பார்க்கிற செக்) முடிச்சுட்டேன்னு ஏறப்போறேன், சும்மா பார்க்க வந்த நண்பர் எலிவேட்டர் புஷ்ராடை (மூக்கை ஏத்தி இறக்குற வால் பலகையை அசைக்கிற கம்பி) காட்டி இதுல நட்டு கழலாம பிடிக்கிற காட்டர் பின் எங்கன்னு கேட்டாரு. நட்டு இருக்கு, பின் இல்ல. முந்தின நாள் அட்ஜஸ்ட் பண்ண நான்தான் கழட்டினேன். அன்னிக்கு காலைல அந்த இடத்தைப் பார்த்தேன்ங்க, பின் இருக்கிற மாதிரியேதான் தெரிஞ்சுது. அதுல இருந்து சரியா தூக்கமே இல்ல. ஃபேக்டரி ப்ளேன் செக்லிஸ்ட் ஒண்ணைக் கொஞ்சம் மாத்தி வச்சிருக்கேன், அது போதுமா?

பதில் 1:
கட்டினவங்களுக்கு ஒவ்வொரு நட்டும் எப்போ போட்டோம்னு மனசுல இருக்கும், அதனால பார்க்கிறது கண்ணு இல்ல, ஞாபகம். கண்ட்ரோல்ல கை வச்சா அன்னிக்கே நோட்டுல எழுதுங்க, இன்னொருத்தர் வந்து பார்த்து கையெழுத்து போடாம பறக்காதீங்க. பின்னைக் கழட்டின உடனே ஸ்டிக்ல ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிடுங்க, பின் போட்ட பிறகுதான் அது அவிழணும். டார்க் பண்ணின (சரியான அளவு இறுக்கின) நட்டுக்கெல்லாம் டார்க் சீல்ங்கிற பெயின்ட்ல கோடு போடுங்க, நட்டு நகர்ந்தா கோடு உடைஞ்சு காட்டிக்கொடுக்கும். போல்ட் சுத்த வாய்ப்பிருக்கிற ஜாயின்ட்ல நைலாக் நட்டு (உள்ள நைலான் வளையம் வச்சது) வேண்டவே வேண்டாம்.

இன்னொண்ணு, ஸ்டிக் ஃப்ரீயா ஆடுதுங்கிறது மட்டும் போதாது, இடது பக்கம் தள்ளினா இடது எய்லரான் (இறக்கை நுனிப் பக்கம் அசையுற பலகை) மேல போகுதான்னு திரும்பிப் பாருங்க. கேபிளை மாத்திக் கோர்த்துட்டாலும் ஸ்டிக் ஃப்ரீயாத்தான் ஆடும். 1935-ல போயிங் மாடல் 299 குண்டுவீச்சு விமானம் கண்ட்ரோல் லாக்கை (நிறுத்தி வச்சிருக்கிறப்போ கண்ட்ரோல் அசையாம பூட்டுறது) எடுக்காமலே டேக்ஆஃப் ஆகி விழுந்துச்சு, ஓட்டினவங்க நல்ல அனுபவசாலிங்க. பைலட் செக்லிஸ்ட் பழக்கமே அதுக்கப்புறம்தான் பரவிச்சு.

பதில் 2:
செக்லிஸ்ட் பத்தி நான் சொல்றேன். வேற ப்ளேனோடது போதாது, உங்க ப்ளேன்ல பைப் எங்க போகுது, வால்வு எங்க இருக்குன்னு பார்த்து நீங்களே எழுதணும். 1997-ல பாடகர் ஜான் டென்வர் இறந்த லாங்-ஈஸீ ப்ளேனும் வீட்ல கட்டினதுதான், அவர் இன்னொருத்தர்கிட்ட இருந்து வாங்கினது. டிசைன்படி காலுக்கு நடுவுல வர வேண்டிய ஃப்யூயல் வால்வை, கட்டினவர் இடது தோளுக்குப் பின்னாடி வச்சிருந்தாரு, எந்தப் பக்கம் எந்த டேங்க்னு எழுதவும் இல்ல. எரிபொருள் கம்மியா இருந்த டேங்க்ல பறந்து, மாத்த உடம்பைத் திருப்பினப்போ கண்ட்ரோல் போயிருக்கணும்னுதான் விசாரணைல சொன்னாங்க. அதனால பெல்ட் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கிட்டு வால்வு கைக்கு எட்டுதான்னு பாருங்க.

சம்ப் ட்ரெய்ன் பண்றப்போ (டேங்க் அடியில இருந்து கொஞ்சம் எடுத்துத் தண்ணி இருக்கான்னு பார்க்கிறது) கப்புல தண்ணிக்கும் பெட்ரோலுக்கும் நடுவுல பிரிகோடு தெரியலைன்னா நல்ல பெட்ரோல்னு முடிவு பண்ணிடாதீங்க, முழுக்கத் தண்ணியா இருந்தாலும் கோடு தெரியாது. 100எல்எல்-னா (ப்ளேனுக்கான பெட்ரோல் வகை) நீலமா இருக்கணும், மோந்தும் பாருங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. அன்னிக்கு நடுவுல ஒரு ஃபோன் வந்துச்சு, பேசி முடிச்சு விட்ட இடத்துல இருந்துதான் தொடர்ந்தேன், இப்போதான் ஞாபகம் வருது.

பதில் 1:
அங்கதான் தப்பிருக்கும். நடுவுல யார் கூப்பிட்டாலும் விட்ட இடத்துல இருந்து வேண்டாம், முதல் வரில இருந்து திரும்பப் பாருங்க. ஃபோனை ப்ளேன் பக்கத்துல கொண்டுவராதீங்க.