தேரி மணல்ல பேட்டரி சைக்கிள் புதையுது, மோட்டார் சூடாகி நின்னுருது. என்ன செய்ய?

திசையன்விளைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். முட்டு தேய்மானம்னு டாக்டர் சொன்னதுல இருந்து சாதா சைக்கிள் மிதிக்க முடியல, அதனால போன மாசம் ஒரு எலக்ட்ரிக் சைக்கிள் வாங்குனேன். பின்வீல்ல மோட்டார், 250 வாட், பேட்டரி 36 வோல்ட் 10 ஆம்பியர் ஹவர், டயர் 2.1 இஞ்ச். தார் ரோட்டுல அருமையாப் போகுது. ஆனா நான் வாங்குனது ரோட்டுக்காக இல்ல. எங்க தாத்தா இட்டமொழி தேரியில, அதான் அந்தச் செம்மணல் மேட்டுல, பனை ஏறுனவரு, சின்னப் பிள்ளைல அவரு பின்னாடி பயினி (பதநீர்) கலயத்தத் தூக்கிக்கிட்டு நடந்த தடம் எனக்கு இன்னும் மனப்பாடம், அந்தத் தடத்துல முழுசா ஒரு தடவ போயிட்டு வரணும், நடந்து போக முட்டு விடாது.

போன ஞாயித்துக்கிழம காலைல 10 மணி வாக்குல போனேன். கொல்லாமரத் தோப்பு தாண்டுற வரைக்கும் ஒண்ணும் தெரியல. அதுக்குப் பொறவு செம்மணல்ல பின்வீல் பொதக்குனு இறங்கிருச்சு, மோட்டார் உறுமுது, வீல் அங்கனயே சுத்தி குழி பறிக்கு, அஞ்சு நிமிசத்துல எல்லாம் கட். மோட்டார் மேல கைய வச்சா தோசக்கல்லு மாதிரி கொதிக்கு. 22 கிலோ வண்டிய அந்த வெயில்ல உருட்டிக்கிட்டே வெளிய வந்தேன். ரெண்டு டயர்லயும் உடைமுள்ளு வேற. 500 வாட் மோட்டார் மாத்திட்டா சரியாயிரும்னு கடையில சொல்லுதாங்க. மாத்தலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாளை சைக்கிள் பட்டறை:
அண்ணாச்சி, மோட்டார் மாத்த துட்டு குடுத்துறாதீங்க. மொதல்ல சட்டம். 250 வாட், 25 கிமீ வேகம், இதுக்குள்ள இருக்க வரைக்கும்தான் லைசென்சும் வேண்டாம் நம்பர் பிளேட்டும் வேண்டாம். அதத் தாண்டுனா அது மோட்டார் வண்டி கணக்குல போயிரும்.

அடுத்தது, உங்க வண்டிக்கு பலம் பத்தாம நிக்கல, சூட்டுலதான் நின்னுருக்கு. பின்வீல் மோட்டார்னா வீல் வேகம் குறைஞ்சா மோட்டார் வேகமும் கூடவே குறையும், வீல் மணல்ல திணறும்போது பேட்டரில இருந்து வார கரண்ட்ல பெரும்பங்கு சுத்துறதுக்குப் போகாம சூடாப் போயிரும், மோட்டாருக்கு கரண்ட அளந்து விடுற கண்ட்ரோலர் நல்லவேளையா கட் பண்ணிருக்கு, இல்லன்னா வயர் கருகிருக்கும். பெடல் பக்கத்துல மோட்டார் இருக்க மிட் டிரைவ் வண்டின்னா பலம் செயின் வழியாப் போகும், லோ கியர் போட்டா மோட்டாருக்கும் பாரம் குறையும். உங்க வண்டில கியர் உங்க காலுக்கு மட்டும்தான் உதவி. அதனால வேகம் நடை வேகத்துக்கு இறங்குதுன்னா இறங்கித் தள்ளுங்க, அதுல ஒரு குறைச்சலும் இல்ல.

இன்னொண்ணு, உங்க வண்டில இருக்கது பெடல் சுத்துதா இல்லையான்னு மட்டும் பாக்க சென்சாரா இருக்கும். அது கொஞ்சம் பிந்தி திடீர்னு தள்ளும். மணல்ல அந்த ஒரு தள்ளுலதான் குழி விழுது. மோட்டார் உதவிய, அதான் அசிஸ்ட்ட, ஆகக் குறைச்சலா 1ல வச்சு, கியரக் குறைச்சு, காலு நிக்காம சுத்திக்கிட்டே இருங்க.

வீட்டுக்கு வந்த உடனே சார்ஜ் போட்றாதீங்க, இத எத்தன பேருக்கு சொன்னாலும் கேக்க மாட்டேங்காங்க. லித்தியம் பேட்டரி 45 டிகிரிக்கு மேல சூடா இருக்கும்போது சார்ஜ் ஏத்துனா அதோட ஆயுசு போச்சு. நிழல்ல ஒரு மணி நேரம் வச்சு, தொட்டா சூடு தெரியலன்னா போடுங்க.

சாத்தான்குளம் செம்மண்ணு:
தம்பி டயர்ல எவ்வளவு காத்து வச்சிருந்தீங்கன்னு சொல்லவே இல்லயே. கடையில 45, 50ன்னு அடிச்சு விட்டுருவாங்க, அந்தக் கல்லு டயரோட தேரிக்குள்ள போனா கத்தி மாதிரி அறுத்துக்கிட்டு கீழதான் போகும். நான் இங்க தேரியில 4 வருசமா ஓட்டுதேன், 2.2 டயர்ல 18 பிஎஸ்ஐ வச்சுப் போறேன். டயர் பரந்து மணல் மேல படுத்துக்கிடும். அதுக்கும் கீழ இறக்காதீங்க, பனை வேர்ல இடிச்சா டியூப்ல ரெண்டு ஓட்ட விழும். கைப்பம்பு கட்டாயம் வேணும், தார் ரோடு ஏறுறதுக்கு முன்ன காத்து அடிச்சுக்கணும்.

10 மணிக்குப் போனதுதான் பெரிய தப்பு. வெள்ளன போங்க. பனி விழுந்த மணல் 7 மணி வரைக்கும் மேல ஒரு தோல் மாதிரி கெட்டியா நிக்கும், வெயில் ஏறுனா உதிர்ந்துரும். ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பொறவுன்னா இன்னும் சொகம், தருவையில (மழைத்தண்ணி தேங்குற பள்ளம்) தண்ணி கெடக்கும், மணல் இறுகி இருக்கும். ஆடி மாசம் மட்டும் வேண்டாம், ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வார காத்து மணல அள்ளி மூஞ்சில அடிக்கும், எதுக்காத்துல பேட்டரி பாதி தூரத்துலயே தீந்துரும். டிராக்டர் போன தடத்துல இறங்காதீங்க, அது உழுது போட்ட மாதிரி. புல்லு புடிச்ச ஓரமாப் பாத்துப் போங்க, உடம்பு பாரத்த பின்னால வச்சுக்கோங்க, ஹேண்டில வெட்டித் திருப்பாதீங்க.

முள்ளுக்கு டியூப்ல சீலண்ட், அதான் ஓட்டைய தானா அடைக்க திரவம், ஊத்திருங்க. பனங்கருக்கு டயர் பக்கவாட்ட கிழிச்சுட்டா சீலண்ட்லாம் நிக்காது, பழைய டயர்ல ஒரு துண்டு வெட்டி பையில வச்சிருந்தா உள்ள குடுத்து ஓட்டிட்டு வந்துரலாம்.

அம்பை வாய்க்கால்கரை:
மேல சொன்னவங்க சொன்னது எல்லாம் சரி. நான் கன்னடியன் கால்வாய் கரையில ஓட்டுறவன், கல்லிடைக்குறிச்சியில இருந்து வீரவநல்லூர் பக்கம் வரைக்கும். முட்டு வலி உள்ளவங்களுக்கு மொத பத்து நாளு பழக கரை மண்ணு நல்லது. பெல் மட்டும் அடிச்சுக்கிட்டே போங்க, சத்தமே இல்லாத வண்டி, குளிக்கப் போற ஆச்சிமாருக்கு பின்னால வாரது தெரியாது. கால்வாய்ல வண்டிய இறக்கிக் கழுவாதீங்க, தண்ணி பீச்சி அடிக்கவும் வேண்டாம், பேரிங் வழியா மோட்டாருக்குள்ள போயிரும், ஈரத்துணி போதும்.

இதப் படிக்க மத்தவங்களுக்கும் ஒண்ணு, மலையடிவாரத்துத் தடம் நல்லா இருக்கேன்னு களக்காடு முண்டந்துறை காட்டுக்குள்ள அனுமதி இல்லாம போயிறாதீங்க. அது 1988ல இருந்து புலிகள் காப்பகம். பைக்னா சத்தத்துல கரடி விலகிப் போகும், இதுல பத்தடி பக்கத்துல போற வரைக்கும் அதுக்குத் தெரியாது, அப்படித் திடுக்கிட்ட கரடி ஓடாது, மேல பாயும்.

திசையன்விளைக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்குப் போயிட்டு வந்துட்டேன். காலைல 5:45க்குக் கிளம்பி, 18 பிஎஸ்ஐ, அசிஸ்ட் 1. நாலு எடத்துல இறங்கித் தள்ளுனேன், மோட்டார் கை பொறுக்குற சூடுதான். போக வர 14 கிமீ, பேட்டரி அஞ்சு கட்டையில ரெண்டு மிச்சம், இதே தூரம் ரோட்டுல ஒரு கட்டைதான் குறையும்.

தாத்தா ஏறுன பனை நிக்கி. இப்போ யாரும் ஏறுறது இல்ல, மட்டையெல்லாம் காஞ்சு தொங்குது, ஆனா அவரு நெஞ்சு உரசுன பக்கம் மட்டும் மரம் இன்னும் வழவழன்னு இருக்கு. கொஞ்ச நேரம் அதுல கைய வச்சுக்கிட்டு நின்னேன். முன் டயர்ல மூணு முள்ளு, பிடுங்குனதும் சீலண்ட் கொப்பளிச்சு அடைச்சுக்கிடுச்சு. அடுத்த ஞாயிறு எங்க அம்மாவ ஆட்டோவுல தோப்பு வரைக்கும் கூட்டிட்டு வரச் சொல்லிருக்கேன், அங்கன இருந்து அவங்க கேரியர்ல உக்காந்தா இந்த மோட்டார் தாங்குமா, இல்ல உருட்டிக்கிட்டுத்தான் போகணுமா? அம்மா 48 கிலோ.

பாளை சைக்கிள் பட்டறை:
மணல்ல வேண்டாம் அண்ணாச்சி, உருட்டிட்டே போங்க. கெட்டித்தரை வார எடத்துல மட்டும் உக்கார வைங்க, அதுக்கு முன்ன பின்டயர 30க்கு ஏத்திருங்க. கேரியர் எத்தன கிலோ தாங்கும்னு அதுலயே எழுதிருக்கும், அதப் பாத்துட்டு சொல்லுங்க.